எந்தச் சாமிக்கு

மருந்தாளுநர் கிருத்திகா சாப்பிட்டுவிட்டு மருந்துக்கடைக்குத் திரும்பியபோது கணினித் திரையில் புதிய பதிவு ஒன்று பச்சையாக நின்றது. புதுச்சத்திரம், செங்கோட்டையன், வாந்தி மாத்திரை. கீழே, 'சரிபார்த்தவர்: கிருத்திகா.'

அவள் எதையும் சரிபார்க்கவில்லை. வாட்ஸ்அப்பில் வரும் குரலைக் கேட்டு, பழைய மருந்துச்சீட்டைத் தேடி, மருந்தை முடிவு செய்வது கடையின் ஏஐ. அவள் இல்லாத நேரத்தில் அவள் பேரையும் அதுவே போட்டுக்கொள்ளும்.

குரல் பதிவை ஓடவிட்டாள். ஒரு பெண். "ஏனுங்க, ஊட்ல சாமிக்கு நிக்காம வாந்திங்க. மருந்து குடுத்தனுப்புங்க."

அந்த எண் செங்கோட்டையன் பேரில் இருந்தது. அறுபதைத் தாண்டியவர். அவர்தான் சாமி என்று ஏஐ எடுத்துக்கொண்டிருந்தது. ஆனால் இந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகளையும் சாமி என்றுதான் கொஞ்சுவார்கள். அந்தப் பெண்ணின் பேச்சுக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுதது.

மருந்து ஏற்கெனவே வீடு சேர்ந்துவிட்டது. சின்னக் குழந்தைக்குள் போனால் கழுத்தையும் தாடையையும் இழுத்துவிடக்கூடிய மாத்திரை.

அந்த எண்ணுக்கு அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"பெரியவருக்கா இருக்கும் அம்மணி. நீயா ஏன் வம்பை இழுக்கற?" என்றார் கடைக்காரர் ஆனந்தகுமார்.

செங்கோட்டையன்தான் எடுத்தார். "சொல்லு சாமி."

"வாந்தி உங்களுக்குங்களா?"

"எனக்கென்ன, கல்லாட்டம் இருக்கறன். பேரனுக்கு. இப்பத்தான் எந்திரிச்சு நடக்கறான்."

"அந்த மாத்திரையைக் குடுக்காதீங்க!"

"ராசாத்தி!" என்று அவர் மருமகளைக் கத்தி அழைத்தார். ஏதோ பாத்திரம் விழுந்தது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

"பால்ல கரைச்சுக் குடுத்துட்டா. பாதி உள்ள போயிருச்சு."

"உடனே நாமக்கல் ஆசுபத்திரிக்குப் போங்க. மாத்திரை அட்டையைக் காட்டுங்க. பெரியவங்க மாத்திரையைக் கடையில தப்பாக் குடுத்துட்டாங்கன்னு சொல்லுங்க."

ஆனந்தகுமார் போனைப் பிடுங்கக் கை நீட்டினார். "சரியாச் சொல்லாதது அவங்க! கடை எங்க தப்புப் பண்ணுச்சு?"

அவள் திரும்பிக்கொண்டாள்.

"நீயா குடுத்த?" என்றார் செங்கோட்டையன். இந்த முறை சாமி என்று அழைக்கவில்லை.

இல்லை என்று சொல்லலாம். அது பொய்யும் ஆகாது.

"என் பேர்லதாங்க வந்துச்சு. நானும் அங்க வாரேன்."

பையை எடுத்தவள், ஏஐ இனி தன் பேரைப் போட முடியாதபடி கணினியில் தன் கணக்கை மூடினாள். திரையில் காத்திருந்த பதிவுகள் எல்லாம் நின்றுபோயின.

"நீ இல்லாம மத்தவங்களுக்கு மருந்து எப்படிப் போகும்?" என்றார் ஆனந்தகுமார்.

"போகாதுங்க," என்று படி இறங்கினாள்.