துணிவுக்கு ‘சி’

“ஓட்டத்துக்கு ஏ. உதைக்கு பி. துணிவுக்கு சி” என்றார் மக்கின்னஸ். “இந்த முறை உன்னை எடுக்க மாட்டோம்.”

1977 மாசி மாதம். முட்டை வடிவப் பந்தைக் கையால் பிடித்துக் காலால் உதைத்து ஆடும் மெல்பேர்ன் ஃபுட்போல். பல்கலைக்கழக அணிகளில் நன்றாக ஆடுபவர்களை அழைத்துச் சோதித்து, தேறியவர்களைச் சம்பளத்துக்கு எடுக்கும் கழகமொன்றின் மைதானத்தில் பாஸ்கர் நின்றான். பொறியியல் மாணவன். அன்று வந்தவர்களில் அவன் ஒருவன்தான் தமிழன்.

“துணிவை எங்கே பார்த்தீங்க? ஆளில்லாத ஓரத்திலதானே என்னை நிறுத்தினீங்க?”

ஆட்களைத் தெரிவு செய்யும் மக்கின்னஸ் தொப்பியைச் சரிசெய்தார். “இரண்டு தடவை பந்து கூட்டத்துக்குள்ள விழுந்தது. நீ வெளியில நின்றாய்.”

“வாற ஞாயிறு பின்வரிசையில விடுங்கோ. டோசனுக்கு எதிரா.”

கழகத்து ஆட்டக்காரர்களில் ஆகப் பெரிய உடம்புக்காரன் டோசன். மக்கின்னஸ் சிரிக்கவில்லை. “சரி, வா” என்றார்.

தன் நிறத்தைப் பார்த்துத்தான் மக்கின்னஸ் அந்த ‘சி’யைப் போட்டார் என்று பாஸ்கருக்கு வீடு வந்த பிறகும் கோபம். கிளேற்றன் பகுதியில் இருந்த தங்கள் வீட்டின் பின்வளவில், பிசியோதெரபி படிக்கும் தங்கை யோகராணியிடம் நடந்ததைச் சொல்லி, பழைய மெத்தையொன்றைக் கொடுத்தான்.

“பந்தை மேல எறிஞ்சுபோட்டு, நான் பிடிக்கேக்க மெத்தையோட வந்து மோது.”

அவள் மோதினாள். பந்து நழுவியது. மறுபடியும் மோதினாள்; மறுபடியும் நழுவியது.

“அண்ணா, கண்ணை மூடுறீங்கள்.”

“இல்லை.”

“ஓம். நான் கிட்ட வரேக்க மூடுறீங்கள். அந்த மனுசன் சும்மா சொல்லேல்லை.”

பாஸ்கர் புல்லில் குந்திவிட்டான். கோபம் போன இடத்தில் வெட்கம் வந்தது. பிறகு எழும்பிப் பந்தை அவளிடம் நீட்டினான். “திரும்ப எறி.”

அந்தக் கிழமை முழுக்க விரிவுரை முடிந்ததும் இதே வேலைதான். குசினி யன்னலால் எட்டிப் பார்த்த அம்மா விமலாதேவி, “தம்பி, சோதினைக்குப் படிக்கவும் இப்பிடி விழுந்து எழும்பினால் நல்லம்” என்றாள். ஆனால் இரவில் தோளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பந்து உயரமாக வந்தது. பாஸ்கர் பந்தைப் பார்த்தபடியே பின்னோக்கி ஓடினான். டோசன் வரும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. கண்ணை மூடவில்லை. விழுந்த அடியில் மூச்சு நின்றது, பந்தும் போய்விட்டது. எழும்பினான்.

அடுத்ததும் அதே உயரம். இந்த முறை பந்து கைக்குள் வந்த பிறகே டோசனின் முழங்கால் விலாவில் பட்டது. கீழே கிடந்தபோதும் பந்தை அவன் விடவில்லை. டோசன்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டான்.

ஆட்டம் முடிய மக்கின்னஸ் வந்தார். “துணிவுக்கு பி.”

“ஏ இல்லையா?”

“முதல் பந்தை விட்டனீ. உடம்பும் காணாது, இன்னும் சாப்பிடோணும். செவ்வாய்க்கிழமை இரண்டாம் அணியோட பயிற்சிக்கு வா.”

விலாவைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்த பாஸ்கரைக் கண்டு யோகராணி கதிரையை விட்டு எழும்பினாள்.

“என்னண்ணா, எடுத்திட்டாங்களோ?”

“ஓம். இரண்டாம் அணிக்கு.”

“முதலாவது அணிக்கு?”

“வாற வருசம்” என்றான் பாஸ்கர். “முதல்ல சாப்பாட்டைப் போடு.”