லேவி கண்டுபிடித்த குற்றவாளி

ஹோம்ஸ் மாவட்டத்திலேயே தன்னைப் போல மூளைக்காரன் இல்லை என்று லேவி காப்லென்ஸுக்கு ஒரு நினைப்பு. வண்டிச் சக்கரம் பழுது பார்க்கிறவனுக்கு அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்றால், பட்டறையில் பழைய ஆரக்கால்களுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த சின்ன ரேடியோவிலிருந்து. மின்சாரம், கார் எதுவும் வேண்டாமென்று குதிரை வண்டியோடு வாழும் ஆமிஷ் கிறிஸ்தவ சபையில் ரேடியோவே கூடாது. அதிலும் லேவி கேட்டது பிரசங்கமா என்ன? கொலைக் கதை, அத்தனையும் நிஜமாக நடந்தவை. பெண்டாட்டி வெர்னாவின் காலடி கேட்டால் டப்பென்று அணைத்துவிட்டு, சுத்தியலை எடுத்து வெறும் பலகையைத் தட்டுவான்.

போன வருஷம் பிஷப் மோஸ் வீட்டு வான்கோழி காணாமல் போனது. லேவி மூன்று குடும்பங்களைச் சந்தேகப்பட்டு, கடைசியில் ஓர் அப்பாவி நாயைக் குற்றவாளி என்று அறிவித்தான். சபை ஆராதனை முறை வைத்து வீடுகளில்தான் நடக்கும்; அடுத்த ஆராதனைக்குப் பெஞ்சுகள் ஏற்றி வரும் வண்டியைத் திறந்தால், உள்ளே வான்கோழி முட்டைமேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அந்த நாய்க்காரர் இன்றுவரை லேவியிடம் சக்கரம் கொடுப்பதில்லை. “வான்கோழி மட்டும் உசுரோட வரலேன்னா என் கேஸு ஜெயிச்சிருக்கும்” என்று லேவியே சொல்லிச் சிரிப்பான். அத்தோடு நிறுத்தியிருந்தால் தேவலை.

மார்ச் மாதச் சேற்றில் அவன் கண்ணில் ஒரு தடம் பட்டது. வீட்டுக்குள் போன் கூடாது என்பதால், ரேபர் குடும்பத்து வயலோரம் நாலைந்து வீட்டுக்கும் பொதுவாக ஒரு போன் கூண்டு உண்டு. அதன் வாசலில் தங்கை சலோமாவின் வண்டித் தடம். அந்தச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போட்டவனே லேவிதான், ஒட்டுப்போட்ட இடம் மண்ணில் பதிவது அவனுக்குத் தெரியாதா? அவள் புருஷன் ஏடன் குதிரை ஏலத்துக்குப் போகிற நாளெல்லாம் தடம் அங்கே இருந்தது. லேவிக்குப் புல்லரித்தது. புருஷன் ஊரில் இல்லாதபோது ரகசிய போன் என்றால் வேறென்ன? வெளியாள் எவனோ அவள் மனதைக் கெடுத்துவிட்டான், ஓடப்போகிறாள். ரேடியோவில் பாதிக் கதை இப்படித்தான் ஆரம்பிக்கும்.

அவளையே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் பெரிய துப்பறியும் புலி, சந்தேகப்பட்ட ஆளிடம் போய்க் கேட்குமா? நேரே ஏடனிடம் போனான்.

“மாப்ளே, சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. சலோமா மேல ஒரு கண்ணு வையுங்க.”

ஏடன் குதிரைக்குச் சேணம் பூட்டுவதை நிறுத்தினான். “ஏன் மச்சான்? என்ன விஷயம்?”

லேவி தடம், சேறு, ஏல நாள் எல்லாவற்றையும் ரசித்து ரசித்துச் சொன்னான். ஏடன் சேணத்தைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

“அடேயப்பா! வேற எவனுக்கும் இப்படி மூளை வேலை செய்யாது மச்சான்” என்று தோளைத் தட்டினான். உள்ளே கூட்டிப் போய் ஆப்பிள் பை பலகாரம் கொடுத்தான். லேவி இரண்டு துண்டு தின்றான், வெட்கங்கெட்டவன்.

மறுநாள் காலை சலோமா பட்டறைக்கு வந்தாள். இடது கையைச் சால்வையில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். தொப்பியின் நிழலில் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

“நீதானேண்ணே சொன்னே?”

“யாருகிட்ட போன்ல பேசுனே?” என்று கேட்டான் அந்த மடையன். அதுதான் அவன் வாயில் முதலில் வந்தது.

“அடிபட்ட பொம்பளைங்களுக்கு எடம் குடுக்கற வீடு ஒண்ணு இருக்கு. அவங்ககிட்ட. அடுத்த ஏலத்தன்னிக்கு வந்து கூட்டிட்டுப் போறதா இருந்தாங்க.”

“ஏடனா? அடிக்கிறானா? எனக்குத் தெரியாதேம்மா!”

“தெரியாதா? ரெண்டு வருஷம் முன்னாடி சபையில மண்டி போட்டு அழுதாரே, பொண்டாட்டிய மண்வெட்டிக் கட்டையால அடிச்சேன்னு. நீ அங்கதானே உக்காந்திருந்தே? மன்னிச்சோம்னு நீயும் சேந்துதானே சொன்னே?”

சொன்னான்தான். மண்டியிட்டு ஒப்புக்கொண்ட பாவத்தைச் சபை மன்னித்துவிட்டால் அப்புறம் யாரும் அதை வாயில் எடுக்கக் கூடாது. எடுத்தவனுக்குத்தான் பாவம், அவனைத்தான் சபை விலக்கி வைக்கும். லேவி ஒரு படி மேலே போய் அதை மனதிலிருந்தே துடைத்துவிட்டிருந்தான். குற்றவாளி தானாக ஒப்புக்கொண்ட ஒரே கேஸ் அது. அதை மறந்துவிட்டு வான்கோழி தேடி அலைந்திருக்கிறான்! லேவிக்கு அழுகை வந்தது.

வெளியே, சபையைச் சேராத பக்கத்துப் பண்ணை டோனா அம்மாவின் கார் வந்து நின்றது.

“எந்த ஊருக்கும்மா போறே?”

“உனக்கு மட்டும் சொல்லக் கூடாதுண்ணே.”

அதை அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. காரில் ஏறிப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து, சலோமாவின் காயத்தைப் பற்றி விசாரிக்க மாவட்டப் போலீஸான ஷெரிஃப் ஆபீஸிலிருந்து ஒருவர் ஏடன் வீட்டுக்கு வந்தார். பிஷப் மோஸ் இருந்தார், லேவியையும் கூப்பிட்டிருந்தார்கள்.

“படியில வழுக்கி விழுந்துட்டா” என்றான் ஏடன். “எங்க இருக்கான்னு சொன்னீங்கன்னா நானே போய்க் கூட்டிட்டு வந்துடுவேன்.”

“இதுக்கு முன்னாடி எப்பவாவது அடிச்சிருக்காரா?” வந்தவர் எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

“முடிஞ்சு போனத நாங்க பேசறதில்லீங்க” என்றார் பிஷப்.

லேவி அதிகாரியின் கையிலிருந்த நோட்டைப் பார்த்தான். வாயைத் திறக்காவிட்டால் அவர் வெறுங்கையோடு போய்விடுவார், ஏடன் இன்றைக்கே தேடிக் கிளம்புவான், அது லேவிக்கும் புரிந்தது. திறந்தால் விலக்கு. சொந்த வீட்டிலேயே வெர்னா அவனுக்குத் தனி மேஜையில்தான் சோறு வைக்க வேண்டும். அவனுக்கு மூத்திரம் முட்டியது. சாட்சிக்காரனுக்கு இப்படியெல்லாம் ஆகும் என்று எந்த ரேடியோக் கதையிலும் சொன்னதில்லை.

“அடிச்சிருக்கான்” என்றான். “மண்வெட்டிக் கட்டையால. சபை மொத்தமும் கேட்டுச்சு. பிஷப்பும் கேட்டாரு.”

“லேவி!” என்றார் பிஷப்.

ஏடன் எழுந்துவிட்டான். “இப்ப நல்லவனாயிட்டீங்களோ? அவ போன் பேசறத எங்கிட்ட வந்து போட்டுக் குடுத்தது யாரு மச்சான்? நீங்கதானே?”

லேவி அதிகாரியைப் பார்த்துத் திரும்பினான்.

“ஆமாங்க, நான்தான். அதையும் சேத்து எழுதிக்குங்க.”