பெட்டி தூக்கும் மெட்டு

என் தம்பி அன்பரசுக்கு நான் யூபோனியம் வாசிப்பதில் வருத்தமில்லை. எங்கே வாசித்துப் பழகினேன் என்பதில்தான் வருத்தம். கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு ஊத வேண்டிய அந்தப் பித்தளை வாத்தியத்தை, கடலூர் முதுநகரில் எங்கள் அப்பா லூர்துசாமி நடத்திய பேண்டு செட்டில், பதினாறு வயதில் எடுத்தேன். எங்களைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. சாவுதான் ஜாஸ்தி. தாவணி போட்ட பெண் பிணத்துக்கு முன்னால் ஊதிக்கொண்டு போவதைப் பார்க்கவே கூட்டம் கூடும். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இன்னும் பலமாக ஊதுவேன். அந்த வரும்படியில்தான் நான் கணக்கு டீச்சர் ஆனேன், அவன் இன்ஜினியர் ஆனான். ஆற்றைக் கடக்கும் வரைதான் அண்ணன் தம்பி. வேலைக்கு ஆர்டர் வந்த அன்றே அவன் செட்டை மறந்துவிட்டான்.

போன வருஷம் மாதா கோயில் திருவிழாவில் நான் வாசித்ததைக் கேட்டு, புதுச்சேரியில் ஆர்கெஸ்ட்ரா நடத்தும் அருண்பாண்டியன் வீடு தேடி வந்தார். யூபோனியத்தை முன்னால் வைத்து ஓர் இசைக்கோவை எழுதியிருந்தார். செட்டில் யூபோனியம் என்றால் டிரம்பெட்டுக்குப் பின்னால் நின்று முட்டுக்கொடுக்கிற ஆள். இங்கே வயலினும் செல்லோவுமாக முப்பது பேர் எனக்கு முட்டுக்கொடுப்பார்களாம். சிரித்தேன். அவர் போனபின் அழுதேன்.

"நடுவுல ஒரு இடத்துல நாங்க எல்லாரும் நிறுத்திடுவோம் மேடம். அதுக்குக் கேடென்சான்னு பேரு. நீங்க தனியா என்ன வேணா வாசிக்கலாம். முடிக்கிறப்ப தலைய ஆட்டுங்க, நாங்க சேந்துக்குறோம்" என்றார். ஒத்திகையில் அந்த இடத்தை ஏதோ ஏற்ற இறக்கம் காட்டி ஒப்பேற்றி வந்தேன்.

கச்சேரி சிதம்பரத்தில், ஒரு கல்லூரி அரங்கில். முதல் நாள் அன்பரசு வந்தான். அவன் மகள் சுவேதாவுக்கு மேல்பட்டாம்பாக்கத்தில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா அன்புமணி, பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கச்சேரி பார்த்துவிட்டு நிச்சயத்துக்குத் தேதி குறிப்பதாகப் பேச்சு.

"அக்கா, நீ கான்வென்ட் சிஸ்டருங்ககிட்ட வெஸ்டர்ன் மியூசிக் கத்துகிட்டேன்னு சொல்லி வெச்சிருக்கேன். அவுங்க டீசன்ட்டான குடும்பம். சாவு மேளம் கீளம்னு காதுல விழுந்தா எழுந்து போயிடுவாங்க."

"அப்ப அப்பாவ என்னடா பண்ண?"

"ரயில்வேல ஆபீசரா இருந்தாருன்னு சொல்லிட்டேன்."

செத்துப் பத்து வருஷமான மனுஷனுக்குப் பதவி உயர்வு. அறையலாம் போல இருந்தது. சுவேதாவுக்காகப் பொறுத்துக்கொண்டேன். அந்தப் பையனை அவளுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. ஆனால் சாயங்காலம் அவளே போன் செய்தாள்.

"அத்தை, அவர எனக்குப் புடிச்சிருக்கு. பயமாத்தான் இருக்கு. ஆனா தாத்தாவ மறைச்சிட்டு, எப்பத் தெரியுமோன்னு காலம் பூரா முழிச்சிகிட்டு இருக்க முடியாது. நீங்க உங்க இஷ்டத்துக்கு வாசிங்க."

மறுநாள் மேடையோரம் நின்றேன். தொகுத்து வழங்கிய பெண் தாளைப் பார்த்து வாசித்தாள்: "ரயில்வே அதிகாரி லூர்துசாமி அவர்களின் புதல்வி, கான்வென்ட்டில் மேற்கத்திய இசை பயின்ற திருமதி ஜெயராணி!" எழுதிக் கொடுத்த புண்ணியவான் இரண்டாவது வரிசையில் சம்பந்தி வீட்டாரோடு உட்கார்ந்து கைதட்டினான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

எழுதியிருந்ததை எழுதியபடியே வாசித்தேன். ஆர்கெஸ்ட்ரா அலையாக எழும்பி, சட்டென்று நின்றது. கேடென்சா. அரங்கத்தில் நானும் என் மூச்சும் மட்டும்.

சாவு வீட்டில் பிணப் பெட்டி தூக்கும்போது நாங்கள் வாசிக்கிற மெட்டை எடுத்தேன்.

முதுநகரில் அதைக் கேட்டுத் தெருவே எழுந்து நிற்கும். மெதுவான நடை. ஒவ்வொரு வரி முடிவிலும் யூபோனியம் இரண்டு தட்டு சும்மா இருக்கும். அது பெரிய டிரம்முக்கு விட்ட இடம். அன்பரசின் முகம் வெளுத்தது. மேடையிலிருந்தே தெரிந்தது. வெளுக்கட்டும் என்று முதல் வரியை முடித்து, இடம் விட்டேன்.

டம். டம்.

ஆர்கெஸ்ட்ராவில் யாரும் அசையவில்லை. சத்தம் இரண்டாவது வரிசையிலிருந்து வந்தது. அன்புமணி நாற்காலிக் கைப்பிடியில் அடித்திருந்தார். தெரியாமல் விழுந்த அடிதான். அவரே தன் கையை அந்நியன் கையைப் பார்ப்பது போலப் பார்த்தார். அவர் மனைவி முழங்கையால் இடித்தாள்.

எனக்குச் சந்தேகம். இன்னொரு வரி வாசித்து, அவரையே பார்த்துக்கொண்டு இடம் விட்டேன். இந்த முறை அவர் தெரிந்தே அடித்தார். வலது கையால் ஓங்கி ஒன்று, இடது உள்ளங்கையால் அமுக்கி ஒன்று. கேட்டு மட்டும் பழகியவன் இரண்டையும் ஒரே மாதிரி அடிப்பான். அமுக்கி அடிக்க, வருஷக்கணக்கில் டிரம்மை வயிற்றில் கட்டிக்கொண்டு நடந்திருக்க வேண்டும்.

மூன்றாவது வரிக்கு அவர் எழுந்தே நின்றார். நான் தலையாட்டினேன். முப்பது பேரும் உள்ளே வந்தார்கள்.

கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் எல்லாரும் வந்தார்கள். அன்புமணிக்குக் கண் சிவந்திருந்தது.

"இருபத்திரெண்டு வயசு வரைக்கும் அடிச்சேம்மா. நெல்லிக்குப்பம் சுத்துப்பட்டுல எந்தச் சாவுன்னாலும் எங்க செட்டுதான். இவளுக்கே தெரியாது" என்று மனைவியைக் காட்டினார். அந்த அம்மா அவரை முறைத்த முறைப்பில் வீட்டுக்குப் போனதும் என்ன நடக்கும் என்று தெரிந்தது.

"மொத அடி லேட்டுங்க" என்றேன்.

"முப்பத்தெட்டு வருஷம் லேட்டும்மா."

அன்பரசு குறுக்கே வந்தான். "அது வந்துங்க... சிஸ்டருங்க சில நேரம் ஃபோக் மியூசிக்கும் சொல்லித் தருவாங்க..."

அன்புமணி அவன் தோளில் கை போட்டார். அது வரை "சார்" என்றே கூப்பிட்டு வந்தவர்.

"சிஸ்டருங்கள விட்டுடுங்க சம்பந்தி. தேதியப் பாப்போம்."