காளியப்பன் காட்டுக் கடல்

திருச்செங்கோட்டுக்குத் தெற்கே, காளியப்பனின் சோளக்காட்டில், ஒரு பங்குனி மாதத்துக் காலையில் கடல் வந்தது. காளியப்பன் போர்வெல் லாரி வைத்துத் தேசமெங்கும் பூமியைத் துளைத்தவர். ராஜஸ்தானில்கூட அவர் போட்ட குழியில் தண்ணீர் வந்தது. சொந்தக் காட்டில் மட்டும் எத்தனை குழி போட்டாலும் புழுதிதான் வந்தது. அன்றைக்குப் போட்ட குழியில் முதலில் ஒரு நண்டு வந்தது, பின்னால் அலை வந்தது. மதியத்துக்குள் சோளக்காடு கரையாகி, கிழக்கே கண்ணுக்கெட்டிய மட்டும் நீலமாகக் கிடந்தது. கிழக்குக் காட்டுக்காரர் தன் வரப்பில் நின்று பார்த்தால் வழக்கம்போல அவருடைய ஆமணக்குதான் தெரிந்தது. அதனால் அவர் வழக்குப் போடவில்லை. காளியப்பனின் மனைவி செல்லியம்மாள் மலைக்கோயில் இருக்கும் திசையைப் பார்த்து, "ஒரு கொடம் நல்ல தண்ணிதான கேட்டமுங்க சாமி, இத்தன உப்ப யாருங்க கேட்டா?" என்றாள்.

கடற்கரை என்று ஒன்று வந்துவிட்டால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். சுற்றுலாத் துறைக்காரர்கள் சேலத்திலிருந்து ஜெஸ்ஸியை ஒப்பந்தத்தில் போட்டார்கள். சுற்றுலா நிர்வாகத்தை, அதிலும் கடலோரச் சுற்றுலாவை, விரும்பிப் படித்தவள். கடலே இல்லாத ஜில்லாவில் இதைப் படித்து என்ன செய்யப்போகிறாய் என்று ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலிலேயே நிறுத்திக் கேலி செய்வார்கள். வேளாங்கண்ணி வேன்களுக்கு டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தவளைத் தேடி ஒரு கடலே வந்துவிட்டது. முதல் நாள் அலையில் பாதத்தை நனைத்தபோது அவள் அழுதாள். இதைப் போகவிடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

ஆனால் நம் சனங்களைப் பற்றித் தெரியாதா? கடல் தண்ணீர் தெளித்தால் கண்ணேறு கழியும் என்பது ஊரறிந்தது. முதலில் பாட்டிலில் எடுத்தார்கள், பிறகு கேனில் எடுத்தார்கள். லாரிக்காரர்கள் டயருக்குத் தெளிக்க டிரம் டிரம்மாக ஏற்றினார்கள். புதுக் கடைக்கு ஒரு டிரம், புது மருமகளுக்கு ஒரு டிரம். பிரியாணி தின்ற தட்டுகளைப் பதிலுக்கு வீசிவிட்டுப் போனார்கள். கடலும் மானமுள்ளது, ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் பின்வாங்கியது. ஜெஸ்ஸி அலை தொடும் இடத்தில் வேப்பங்குச்சி நட்டு வைப்பாள்; மறு வாரம் அது காய்ந்த மண்ணில் நிற்கும். டிரம் கூடாது என்றாள். ஒரு நேரத்துக்குக் கொஞ்சம் பேர்தான் இறங்கலாம் என்றாள். சலூன்காரருக்கே செவ்வாய்க்கிழமை லீவு இருக்கிறது, கடலுக்கும் கொடுங்கள் என்று மேலதிகாரியிடம் மன்றாடினாள். கடல் என்ன குறைந்தா போய்விடும் என்று அவர் சிரித்தார். கட்சிக்காரர்களும் அதையே சொன்னார்கள், பலூன் விற்பவரும் அதையே சொன்னார். அவள் பேச்சு கடலில் கரைத்த பெருங்காயமாயிற்று.

கடைசியில் கெடுத்தது பேராசைக்காரன் யாருமில்லை, காளியப்பன்தான், அதுவும் நல்ல மனசோடு. குளித்தவர்கள் உடம்பெல்லாம் பிசுபிசுவென்று பஸ் ஏறுவதை அவரால் பார்க்க முடியவில்லை. அவர்கள் மேல் கழுவிக்கொள்ள நல்ல தண்ணீருக்கு ஒரு குழி போடலாம் என்று அலையோரமாக லாரியை நிறுத்தினார். ஜெஸ்ஸி ஓடிவந்து லாரியின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, சொன்னா கேளுங்க. இங்க ஓட்ட போட்டா கடல் எறங்கிப் போயிடும்."

"அட நீங்க ஒன்னு அம்மணி. நாப்பது வருசமா ஓட்ட போடறனுங்க. ஓட்ட போட்டா தண்ணி மேலதான் வரும், கீழ எங்கீங்க போகும்?"

லாரி ஆட்கள் இரண்டு பேர் அவளை மரியாதையாகத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். நல்ல தண்ணீர் வரவில்லை. துளைக்கும் கம்பியை உருவியதும், மடை திறந்த வாய்க்கால் மாதிரி கடல் குழிக்குள் இறங்கத் தொடங்கியது. காளியப்பன் மூடியை வைத்துப் பார்த்தார், மண்மூட்டையைப் போட்டுப் பார்த்தார், கடைசியில் தானே குப்புறப் படுத்துப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் அத்தனையும் போய்விட்டது. மீன்கள்கூட வரிசையாகப் போயின. மிஞ்சியது பிளாஸ்டிக் தட்டும், ஜெஸ்ஸியின் வேப்பங்குச்சிகளும், குழியில் இறக்கியிருந்த, வாய் பிளந்த ஒரு குழாயும்தான். அவள் தட்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

குழாயில் காது வைத்தால் அலை கேட்கிறது என்று செல்லியம்மாள்தான் முதலில் சொன்னாள். அதன்பிறகு மறுபடியும் பஸ் வருகிறது. குழாய் ஆறரை அங்குல அகலம்; ஒரு நேரத்தில் ஒரு காதுக்குத்தான் இடம். மேச்சேரியிலிருந்தும் தம்மம்பட்டியிலிருந்தும் வந்தவர்கள் தட்டு, டிரம் எதுவும் இல்லாமல் வரிசையில் நிற்கிறார்கள், குனிந்து கேட்கிறார்கள், நனைந்த காதைத் துடைத்துக்கொண்டு போகிறார்கள். ஜெஸ்ஸி கெஞ்சிக் கேட்டது இவ்வளவுதான். கடல் இருந்தவரை ஒருத்தரும் கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் குழாயை மூடிவிடுவாள். போன வாரம் அதை மறந்து காளியப்பன் வந்துவிட்டார்.

"இன்னிக்கு லீவுங்க ஐயா."

"ஆமாங்க அம்மணி, அதுவும் ஒறங்கோணுமல்லங்க" என்றவர், மூடியோரம் கசிந்திருந்த நுரையைத் துண்டால் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.