மேல் மூலையில் இரண்டு எழுத்து

என் கணவன் நஃப்தலியின் நாட்குறிப்புகளை அவனுடைய அண்ணன் மண்ணில் புதைக்கப் போகிறான் என்று எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தெரிந்தது. புதைப்பது ஞாயிற்றுக்கிழமை.

மொர்தெகாய் திருடிக்கொண்டு போகவில்லை. கதவைத் திறந்துவிட்டது நான்தான். கனடாவின் வின்னிபெக்கில் மே மாதம்தான் தரை இளகும். குளிர்காலமெல்லாம் ஜெப ஆலயத்தில் சேர்ந்த கிழிந்த ஜெபப் புத்தகங்களை அப்போதுதான் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். கடவுளின் பெயர் எழுதிய தாளை யூதர்களான எங்கள் ஆட்கள் குப்பையில் போடுவதில்லை. எரிப்பதும் இல்லை. செத்தவர்களைப் போலவே அடக்கம் செய்வார்கள்.

"அப்பாவோட பழைய புத்தகமெல்லாம் இங்கதான இருக்கு? கொண்டுபோறேன்" என்றான். அலமாரியைக் கைகாட்டிவிட்டு நான் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். அந்த வருஷம் முழுக்க அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் அலமாரியின் கீழ்த்தட்டும் காலி.

கீழ்த்தட்டில் இருந்தவை கறுப்பு அட்டை போட்ட பதினொரு நோட்டுகள். நஃப்தலி உயர்நிலைப் பள்ளியில் இலக்கியம் நடத்தினான். இரண்டு சிறுகதைப் புத்தகங்கள் எழுதினான். மற்றதெல்லாம் இந்த நோட்டுகளில்தான். நான் அவனுக்கு எழுதிய கடிதங்களை அதில் ஒட்டிவைத்தான். அம்மாவுக்கு எழுதும் கடிதங்களை, தபாலில் போடுவதற்கு முன், அதில் பிரதி எடுத்தான். அந்த அம்மாள் ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை. ரகசியம் என்று எதுவும் அதில் கிடையாது. நாங்கள் இரண்டு ஆண்கள், ஊரறியக் கல்யாணம் செய்துகொண்டவர்கள்.

போன வசந்தத்தில், வகுப்பில் பேசிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. முப்பத்தாறு வயது. அதற்குப் பிறகு நான் ஒரு நோட்டையும் திறக்கவில்லை.

மொர்தெகாய்க்குப் போன் செய்தேன்.

"நோட்டெல்லாம் எங்க?"

"ஜெப ஆலயத்துல. பெட்டியில இருக்கு."

"அது ஜெபப் புத்தகம் இல்ல."

"ஒவ்வொரு பக்கத்துலயும் மேல் மூலையில என்ன போட்டிருக்கான்னு பாத்தியா நீ?"

பார்த்திருக்கிறேன். 'கடவுள் துணை' என்பதற்கான இரண்டு எழுத்து. பக்தியான வீடுகளில் பென்சில் பிடிக்கும்போதே பழக்கிவிடுவார்கள்; கடைச் சீட்டு எழுதினாலும் மேலே அதைப் போட்டுவிட்டுத்தான் எழுதுவார்கள். நஃப்தலி பன்றி இறைச்சி தின்றான். ஓய்வுநாளான சனிக்கிழமையும் கார் ஓட்டினான். என்னைக் கட்டிக்கொண்டான். அந்த இரண்டு எழுத்தை மட்டும் விடவில்லை. கேட்டால், "கை தானா போடுதுடா, நான் என்ன பண்ண?" என்பான்.

"கடவுள் பேர் இருக்கிற தாளு, கால்மன். கண்ட இடத்துல கிடக்கக் கூடாது. மரியாதையா அடக்கம் பண்ணிடறோம்."

"கண்ட இடமா? அது என் வீடு."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

வைத்துவிட்டான்.

மரியாதை. நஃப்தலியின் அடக்கத்தில் அந்த மரியாதையைப் பார்த்தேன். பெட்டியை இறக்குவதற்கு முன் நெருங்கிய உறவுக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். மதகுருவான ரபி ஒவ்வொருவர் சட்டைக் கழுத்திலும் கத்தியால் ஒரு கீறல் போடுவார். அதை அவர்கள் கையால் கிழிக்க வேண்டும். இன்னார் இவனுக்குச் சொந்தம் என்பதற்கு அந்தக் கிழிசல்தான் அடையாளம். அவன் அம்மா பெய்லாவுக்குக் கீறினார். மொர்தெகாய்க்குக் கீறினார். மூன்றாவதாக நான் கோட்டைத் திறந்துகொண்டு நின்றேன். கத்தியை மடக்கிப் பையில் போட்டுவிட்டு என்னைத் தாண்டிப் போனார். நான் கிழியாத கோட்டோடு வீட்டுக்கு வந்தேன். அப்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. திடமான ஆள் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை, கையில் போனோடு நின்றபோது என் பற்கள் வலித்தன. அவ்வளவு இறுக்கிக் கடித்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோட்டையே போட்டுக்கொண்டு போனேன். குழி தயாராக இருந்தது. நஃப்தலியின் கல் அங்கிருந்து பார்த்தால் தெரியும். மகன், சகோதரன், ஆசிரியர் என்று வெட்டியிருக்கிறார்கள். நாலாவதாக ஒரு சொல்லுக்குக் கல்லில் இடம் இருக்கிறது. வேண்டுமென்றே விட்ட இடம் மாதிரி இருக்கும்.

ஓரமாக நின்ற கிழவர் ஒருவர் பக்கத்து ஆளிடம் கேட்டார்: "யாருய்யா இவன்?"

"நம்ம நஃப்தலியோட ரூம்மேட்."

"ரூம்மேட்டா இருந்தா அவன் விடற குறட்டைக்கு எப்பவோ காலி பண்ணிட்டுப் போயிருப்பேன் பெரியவரே" என்றேன். "நான் புருஷன்."

கிழவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பெட்டிகள் குழிக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்தன. கடைசிப் பெட்டியில் கறுப்பு அட்டைகள் தெரிந்தன. நான் போய் அதன்மேல் உட்கார்ந்தேன்.

"எந்திரிடா" என்றான் மொர்தெகாய். "அம்மா நிக்கறாங்க. அசிங்கம் பண்ணாத."

"நீ பண்றதையெல்லாம் பண்ணி முடிச்சிட்ட பிறகுதான் மத்தவன் பண்றது அசிங்கமாத் தெரியும், இல்லையா மச்சான்?"

அந்த முறை வைத்து நான் அவனைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் முகம் சிவந்துபோனது.

நான் ரபியைப் பார்த்தேன். "ஒரு சந்தேகம் ரபி. படிச்சிட்டிருக்கற புத்தகத்தைப் புதைக்கலாமா?"

அவர் என் கோட்டைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. "கூடாது. படிக்க முடியாமப் போனது, இனி யாரும் எடுத்துப் படிக்காதது, அதுதான் குழிக்கு."

"அப்போ இது குழிக்கு இல்ல. நான் படிக்கறேன்."

"பொய்!" மொர்தெகாய் கத்தினான். "ரபி, நான்தான அலமாரியிலிருந்து எடுத்தேன்? ஒரு இஞ்சு தூசி. என் விரல் பதிஞ்சுது. நஃப்தலி போனதிலிருந்து இவன் தொடவே இல்ல. கேளுங்க! இல்லன்னு சொல்லச் சொல்லுங்க பாப்போம்!"

இல்லை என்று சொல்ல முடியாது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மண்வெட்டி வைத்திருந்தவர்கள்கூட.

எழுந்து ஒரு நோட்டை உருவினேன். நடுவில் திறந்தேன். அதே முன்பக்கம் சாய்ந்த கையெழுத்து. மேல் மூலையில் இரண்டு எழுத்து. அதற்குக் கீழே இருந்து படித்தேன்.

"'கடைசி பெஞ்சில் ஒருவன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். எழுப்பவில்லை. என் பாடத்தை அவன்தான் சரியாக மதிப்பிட்டவன்.'"

யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். பக்கத்தைத் திருப்பினேன்.

"'காலையில் கால்மனோடு சண்டை. நான் மட்டும் போட்டேன். அவன் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். இந்த மனிதனுக்குக் கோபமே வராது. ஒரே ஒரு நாள் வந்தால் போதும், நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பேன்.'"

குரல் உடைந்தது. அழுகையால் இல்லை. பார்க்க வேண்டியவன் பத்தடி தள்ளி மண்ணுக்குள் கிடக்கிறான். அவன்மேலும் எனக்குக் கோபம் வந்தது. இன்னும் சத்தமாகப் படித்தேன். பல் டாக்டரைத் திட்டிய பக்கம். பெப்ரவரியைத் திட்டிய பக்கம். நாங்கள் ஏரிக்குப் போன பக்கம்; அதில் படுக்கையைப் பற்றி இருந்த இரண்டு வரியையும் விடவில்லை. கிழவர் இருமினார்.

"போதும்" என்றான் மொர்தெகாய். "எங்க அம்மா முன்னாடி இதையெல்லாம்..."

"மொர்தெகாய்" என்றார் ரபி. "அவர் படிக்கறார். அந்தப் பெட்டியைத் தள்ளி வை."

"இன்னிக்கு ஒரு நாள் படிக்கறதெல்லாம் படிக்கறதா ரபி? நாளைக்கே நிறுத்திடுவான்."

"நிறுத்தறப்போ உனக்குச் சொல்லி அனுப்பறேன், மச்சான்."

பெட்டியைக் காலால் தள்ளிவிட்டான். மற்ற பெட்டிகளை இறக்கினார்கள். நான் போயிருக்கலாம். வேலை முடிந்துவிட்டது. ஆனால் கையிலிருந்த பக்கம் ஒரு கடிதம்.

"'அம்மா, உன் பீட்ரூட் சூப்பைக் கால்மன் வைத்துப் பார்த்தான். வாயில் வைக்க முடியவில்லை. வெறும் இனிப்பு. நீ அதில் சர்க்கரை எவ்வளவு போடுவாய்? ஒரு வரி எழுதினால் போதும். வேறு எதுவும் எழுத வேண்டாம்.'"

பெய்லா கைத்தடியை ஊன்றிக்கொண்டு கிட்டே வந்தாள். நோட்டை எட்டிப் பார்த்தாள். மகனுடைய கையெழுத்தை அவள் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. கடிதங்களைப் பிரித்தாளா என்றே தெரியாது.

"சர்க்கரை கொஞ்சம்தான்" என்றாள் மெதுவாக. "எலுமிச்சம்பழம் பிழியணும். கடைசியில, இறக்கினப்புறம்."

"இதை அவனுக்கு எழுதியிருக்கலாம் நீங்க."

மொர்தெகாய் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தான். "வாம்மா போலாம். இவன்கிட்ட என்ன பேச்சு?"

அவள் அசையவில்லை. குழியில் மண் விழ ஆரம்பித்தது. நான் அடுத்த கடிதத்தைத் தேடித் திருப்பினேன். அதுவும் அவளுக்குத்தான். உரக்கப் படித்தேன்.