பருந்துராஜாவின் தும்மல்

1996 தீபாவளிக்கு மறுவாரம், தியாகராய நகரில் ஒரு தியேட்டர் வாசலில் நின்ற பருந்துராஜாவின் ஐம்பதடி கட்-அவுட் தும்மியது. மழைக்காலம். போதாததற்கு அன்று காலை ரசிகர்கள் அதன் தலையில் அண்டா அண்டாவாக மோரை ஊற்றியிருந்தார்கள். சளி பிடிக்காமல் என்ன செய்யும்?

மோர் ஊற்றச் சொன்னவன் அம்பி, பருந்துராஜா ரசிகர் மன்றத்தின் மயிலாப்பூர் கிளைத் தலைவன். மூன்று வருடம் முன்பு வந்த படத்தின் முதல் பாகத்தில் பருந்துராஜா சிறகு முளைத்துப் பறந்தான், வில்லன்களைத் தூக்கிக் கடலில் போட்டான். அப்போது அம்பி கட்-அவுட்டுக்குக் குடம் குடமாகப் பால் ஊற்றினான். இரண்டாம் பாகத்திலோ இடைவேளைக்குப் பிறகு பருந்துராஜா பறக்கவே இல்லை. ஓட்டல் கட்டக் குடிசைகளைப் பிடுங்க வந்த கம்பெனிக்காரர்களை எதிர்த்து, மீனவர்களோடு மணலில் உட்கார்ந்து பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். தியேட்டரே கூச்சல் போட்டது. "பறக்கச் சொன்னா பாடம் நடத்தறான். உஷ்ணம் தலைக்கேறிடுத்து, மோர்தான் சரி" என்றான் அம்பி. தமிழ் ரசிகன் கோபித்துக்கொண்டாலும் டிக்கெட் வாங்கித்தான் கோபித்துக்கொள்வான். மன்றத்தினர் படத்தைத் திட்டுவதற்காகவே தினமும் போய்ப் பார்த்து, அவன் மணலில் உட்கார்ந்து பேசிய வசனத்தை மூக்கால் பேசிக் கேலி செய்துவிட்டு வந்தார்கள்.

தும்மினால் பக்கத்தில் இருப்பவர் 'நூறு' என்று ஆயுசு சொல்வது வழக்கம். கோபத்தில் அன்று ஒருவரும் சொல்லவில்லை. கட்-அவுட் சற்று நேரம் காத்திருந்தது. பிறகு சவுக்குச் சாரத்தை உதறிவிட்டுக் கிளம்பி, பாண்டி பஜாருக்கு மேலே நிதானமாகப் பறந்து, அடையாற்றைத் தாண்டி, கடலோரத்தில் ஊரூர் ஒல்காட் மீனவர் குப்பத்து மணலில் இறங்கியது. இறங்கியதும் இன்னொரு தும்மல். மீன் அரிந்துகொண்டிருந்த தேசம்மா தலையைத் தூக்காமலே "நூறு நைனா, நூறு" என்றாள். அது அங்கேயே நின்றுவிட்டது.

அம்பிக்குச் சோறு இறங்கவில்லை. தலைவனைத் தானே துரத்திவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. தினமும் பஸ் பிடித்து வந்து அதன் காலடியில் நின்று, "தப்புதான், வந்துடுங்கோ" என்று கெஞ்சுவான். அது அசையாது. தேசம்மாவுக்கே பாவமாகிவிட்டது. "இன்னாத்துக்கு அயுவுற? இங்கதான கீறாரு. நீயும் வந்து குந்து."

மார்கழி பிறந்ததும் நிஜமாகவே ஒரு கம்பெனி வந்தது. அதுவும் ஓட்டல் கட்டத்தான். கட்-அவுட்டை முதலில் சாய்க்க வேண்டும், அப்புறம் தேசம்மாவின் குடிசை, அப்புறம் மற்றவை என்று ஏற்பாடு. ஆட்கள் கயிறு கட்டினார்கள். தலைவனை விறகாக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அம்பி, மன்றத்தையே திரட்டி வந்து காலடியில் உட்கார்ந்தான். குப்பத்து ஜனம் அவர்களை ஒட்டி உட்கார்ந்தது.

"உங்களுக்கு இங்க என்ன வேலை?" என்றார் கம்பெனி மேனேஜர். அம்பி வாயைத் திறந்தான். அந்த வசனம்தான் வந்தது, இந்தத் தடவை மூக்கால் அல்ல. "கடலு உங்க ஓட்டலோட நீச்சல் குளம் இல்ல. இவங்க வீட்டு வாசல்." மன்றமும் சேர்ந்துகொண்டது. கேலி செய்தே எல்லோருக்கும் ஓர் எழுத்து பிசகாமல் மனப்பாடமாகியிருந்தது. கயிறு பிடித்த ஆட்களும் படத்தைத் திட்டித் திட்டிப் பார்த்தவர்கள்தான். ஒவ்வொருவராகக் கயிற்றைப் போட்டுவிட்டுத் தாங்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தக் கூட்டத்தில் படம் பார்க்காதவர் மேனேஜர் மட்டுமே. அவர் ஜீப்பில் ஏறிப் போனார். கம்பெனி அப்புறம் வரவில்லை.

அப்போது மேலே பெரிய தும்மல் ஒன்று கேட்டது. "நூறு!" என்று முதலில் கத்தியவன் அம்பி. கத்திவிட்டுக் குழந்தை மாதிரி அழுதான், அவ்வளவு சந்தோஷம். கட்-அவுட் பல் தெரியச் சிரித்தது. அதை வரைந்த மெஹபூப் பாஷா, தான் பல்லே வரையவில்லை என்று எல்லோரிடமும் சொன்னார். ஆனாலும் ஏணியோடு வந்து, பல்லுக்குக் கொஞ்சம் வெள்ளை பூசிவிட்டுப் போனார்.

கட்-அவுட் தியாகராய நகருக்குத் திரும்பவில்லை, அம்பியும் கூப்பிடவில்லை. அதன் கைகளில் வலை காய்கிறது. வெள்ளிக்கிழமைகளில் மன்றம் கொண்டுவரும் பால் தேசம்மாவின் அடுப்பில் டீயாகிறது. பனிக்காலத்தில் அது தும்மும். பக்கத்தில் இருப்பவர்கள் 'நூறு' சொல்லிவிட்டு, ஆறுவதற்குள் டீயைக் குடிக்கிறார்கள்.