சும்மா இருக்கும் முப்பது விநாடி

என் புருஷன் ஸைனுலாப்தீன் கல்முனைக்குடிக் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். வாயால் பிழைக்கிற மனிதர். வீட்டிலும் அந்த வாய் ஓயாது. “உங்கட வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டா என்ன?” என்று எத்தனையோ தரம் ஏசியிருக்கிறேன். இடப்பக்க மூளையில் கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து அந்த ஏச்சு என்னையே அறுத்தது.

கட்டி இருந்தது பேச்சு வரும் இடத்துக்குப் பக்கத்தில். கத்தி கொஞ்சம் விலகினாலும் மனிதர் ஊமை. அதனால் கொழும்பில் முதலில் ஒரு விசேஷ எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். குழாய்க்குள் படுத்திருப்பவருக்கு முப்பது விநாடி படங்கள் காட்டுவார்கள். அவற்றின் பெயரை மனதுக்குள் சொல்ல வேண்டும். அடுத்த முப்பது விநாடி படம் வராது. அப்போது சும்மா இருக்க வேண்டும். சொல்லும்போது மட்டும் எந்த இடம் வேலை செய்கிறதோ, அதைத் தொடாமல் கட்டியை வெட்டுவார்கள்.

வெட்டப்போகும் டொக்டர் சிவரூபினி எங்கள் பக்கத்து ஊரான காரைதீவுப் பிள்ளை; அவரை அண்ணன் முறை வைத்து ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார். படத்தைப் பார்த்து முகத்தைச் சுருக்கினார்.

“நானா, ரெண்டு நேரமும் ஒரே மாதிரிக் கிடக்கு. இப்படியெண்டா கட்டியில பாதிய விட்டுட்டுத்தான் நான் வரவேணும். சும்மா இருக்கச் சொன்ன நேரம் என்ன செஞ்சீங்க?”

என் புருஷன் தலை குனிந்தார். “கலிமா ஓதினன் டொக்டர். அந்தக் குழாய் கபுறுக்குழி மாதிரிக் கிடந்திச்சி. உள்ளுக்கே உசிர் போய் மௌத்தாகிட்டா, கலிமா இல்லாமப் போகக்கூடாதே.”

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது.

டொக்டர் சிரிக்கவில்லை. “ஓதுறதும் பேச்சுத்தானே நானா. நாளைக்குத் திரும்ப எடுப்பம். அந்த முப்பது விநாடியும் மனசுல ஒண்டும் வேணாம்.”

அவர் என்னைப் பார்த்தார். கடலுக்கும் பயப்படாத மனிதர் பயந்து நான் கண்டது அன்றுதான்.

“நீங்க சும்மா கிடங்க,” என்றேன். “உங்களுக்காக நான் ஓதுறன். ஒரு விநாடியும் விடமாட்டன்.”

மறுநாள் இயந்திரம் உள்ளே தடதடவென்று அடிக்க, நான் கதவுக்கு வெளியே நின்று ஓதினேன். பிறகு டொக்டர் படத்தைக் காட்டினார். கட்டியின் ஓரத்தில் சின்னதாக ஒரு மஞ்சள் திட்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு நெல்மணி அளவு இடைவெளி.

“இந்த இடத்திலதான் அவர் கதைக்கிறார். இது போதும் எனக்கு.”

கடற்கரை முழுக்கக் கேட்கும் குரல் இத்தனை சிறிய இடத்தில் இருக்கிறதா என்று நான் திகைத்துப்போனேன்.

ஒப்பரேஷன் ஏழு மணித்தியாலம். மகள் ஹிமாயா கொண்டுவந்த தேநீர் ஆறிப்போனது. நான் ஓதுவதை விடவில்லை.

அடுத்த நாள் காலையில் கண் திறந்தார். டொக்டர் அவருடைய பெயரைக் கேட்டார். பதில் இல்லை. இன்னொரு தரம் கேட்டார். அதற்கும் இல்லை. நான் ஏசிய ஏச்சை அல்லாஹ் ஏற்றுக் கபூலாக்கிவிட்டானோ என்று இன்னும் வேகமாக ஓதினேன். அவர் என் உதடுகள் அசைவதையே பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு, சொல்லைத் தேடித் தேடி எடுத்து, மெல்லச் சொன்னார்:

“போதும் புள்ள. இனி நான் ஓதுறன்.”